மேலே இலை மட்டும்

எங்கள் வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்தால் அதற்குள் பால் பாக்கெட் போவதற்கு முன்பே அதன் காலில் பெயிண்ட் ஏறிவிடும். பீரோ, கட்டில், கேஸ் அடுப்பு ஸ்டாண்டு, எதுவானாலும் இதே மரியாதைதான். தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இரும்பை வாங்கினபடியே வைத்திருந்தால் அது நம்மோடு தங்காது. நான் கல்லூரிக்குப் போக அப்பா வாங்கித் தந்த சைக்கிளை அண்ணன் பிரித்துப் போட்டு, கம்பெனிக்காரன் அடித்த அழகான சிவப்புக்கு மேல் படகுக்கு அடிக்கிற பச்சையை இரண்டு கை அடித்துவிட்டான். பல நாள் அவனோடு நான் பேசவில்லை. சைக்கிள் என்னவோ இன்றைக்கும் ஓடுகிறது.

அந்தப் பச்சைதான் அண்ணனைக் கொண்டுபோனது என்று நான் சொன்னால் மதினி ஒத்துக்கொள்ள மாட்டார். வெள்ளம் கொண்டுபோனது என்பார். ஊருக்கும் அப்படித்தான் தெரியும். ஆனால் நான் பார்க்கிற வேலை அப்படி. ஒரு பாரம் எங்கே ஏறுகிறது, எதன் வழியாக இறங்குகிறது, கடைசியில் யார் தலையில் போய் நிற்கிறது என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். சென்னையில் ஒரு டிசைன் ஆபீசில் இரும்புக் கட்டடங்களுக்குக் கணக்குப் போடுகிறேன்.

அண்ணனுக்கு இரண்டு வியாபாரம். ஒன்று உப்பு. உப்பளத்தில் வாங்கி மூட்டை போட்டு வெளியூருக்கு அனுப்புவது. இன்னொன்று நிலாவாரை இலை. காய்ந்த கீரை மாதிரி இருக்கும். வெளிநாட்டில் மலச்சிக்கல் மருந்துக்கு வாங்குகிறார்கள், நம்மூர்த் துறைமுகத்திலிருந்து கண்டெய்னரில் போகிறது. ஒண்ணு வாய்க்கு, ஒண்ணு வயித்துக்கு என்று தன் தொழிலைத் தானே கேலி பேசுவான்.

ஊருக்குள் இருந்த எங்கள் பழைய குடோன் கான்கிரீட்டில் கட்டியது. உப்புக் காற்று உள்ளே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்க, துருப்பிடித்த கம்பி ஊதிப் பெருத்து, ஒருநாள் சன்ஷேடு மொத்தமாகப் பேர்ந்து அப்பாவின் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. அப்பா அப்போதுதான் இறங்கி டீக்கடைக்குப் போயிருந்தார். ஸ்கூட்டர் தட்டையாகிக் கிடந்ததை அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு அவனுக்குத் துரு என்றால் பகையாளி பேரைச் சொன்ன மாதிரி. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்ப்பான்.

ஊருக்கு மேற்கே, பக்கத்துப் புதுக்கோட்டைக்குப் போகிற வழியில் நிலம் வாங்கினதும் எனக்கு போன் போட்டான். புதுக் குடோன் கட்ட வேண்டும், கீழே நடுவில் ஒரு தூண்கூட இருக்கக் கூடாது, லாரி முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வெளியே போக வேண்டும், மேலே ஒரு தளம் வேண்டும், அதிலும் மூட்டை அடுக்க வேண்டும். அதற்கு இரும்பு பீமும் கான்கிரீட் தளமும் சேர்ந்த கட்டடம்தான் சரி என்று சொன்னேன். நானே டிசைன் செய்து தருகிறேன் என்றும் சொன்னேன். தங்கச்சி படிச்ச படிப்புக்கு இப்பத்தான் பலன் வந்திருக்கு என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான்.

அந்த மாதிரித் தளத்தில் ஒரு சூட்சுமம் உண்டு, அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். இரண்டு பலகையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அதன் நடுவில் ஏறி நின்றால் இரண்டும் தனித்தனியாக வளையும், ஒன்று மற்றொன்றின் மேல் வழுக்கும். அதே பலகைகளை நெருக்கமாக ஆணி அடித்து இணைத்துவிட்டால் வழுக்க முடியாது, இரண்டும் ஒரே கனத்த பலகையாகிப் பல மடங்கு தாங்கும். இங்கே கீழ்ப்பலகை இரும்பு பீம், மேல்பலகை கான்கிரீட். ஆணிக்குப் பதில் ஸ்டட் என்று ஒன்று. உள்ளங்கை நீளத்தில், தலை வைத்த தடித்த இரும்புக் குச்சி. பீமின் முதுகில் வரிசையாக வெல்டிங் வைத்து அதன் மேல் கான்கிரீட் போட்டால், குச்சிகள் கான்கிரீட்டுக்குள் புதைந்து இரண்டையும் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பு இருந்தால் நான் கொடுத்த பீம் உப்பு மூட்டையைத் தாங்கும். பிடிப்பு போனால் பீம் தனியாள். மேலே கிடக்கிற கான்கிரீட்டும் அதற்கு இன்னொரு சுமை.

ஸ்டட்டை வெறும் இரும்பில்தான் வெல்டிங் வைக்க வேண்டும். பெயிண்ட் மேல் வைத்தால் ஒட்டியது போல இருக்கும், ஒட்டியிருக்காது. பீமின் முதுகில் மட்டும் பெயிண்ட் படக் கூடாது என்று டிராயிங்கில் போட்டிருந்தேன், காண்ட்ராக்டரிடம் போனிலும் சொல்லியிருந்தேன். மற்ற மூன்று பக்கமும் அடிக்கலாம், எத்தனை கை வேண்டுமானாலும்.

பீம்கள் வந்து முற்றத்தில் இறங்கிய அன்று அண்ணன் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறான். முதுகில் மட்டும் பெயிண்ட் இல்லாமல் விட்டால் துரு அந்த வழியாகத்தானே இறங்கும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. கடற்கரையில் பிறந்த எவனுக்கும் தோன்றும். தருவைகுளத்தில் விசைப்படகுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஆளைக் கூட்டிவந்து, படகின் அடிப்பாகத்துக்கு அடிக்கிற பச்சையை நாலு பக்கமும் இரண்டு கை அடிக்கச் சொல்லிவிட்டான். காண்ட்ராக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. பணம் தருகிற முதலாளி ஆசைப்படுகிறார் என்று சும்மா இருந்துவிட்டான். ஸ்டட்களைப் பச்சைக்கு மேலேயே வெல்டிங் வைத்து, கான்கிரீட்டும் போட்டு மூடிவிட்டார்கள்.

நான் போன அன்று எல்லாம் முடிந்திருந்தது. அண்ணன் என்னை மேலே கூட்டிப்போய் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கவைத்தான். அழுத்தி மிதிளா, அசையுதா பாரு என்றான். அசையவில்லை. எனக்கும் பெருமையாக இருந்தது. கீழே இறங்கிப் பின்பக்கம் போனபோது பீமில் வெட்டிய ஒரு மிச்சத்துண்டு கிடந்தது. படிக்கட்டுக்கு என்று செய்து, தேவைப்படாமல் ஒதுக்கியது. அதன் முதுகில் ஸ்டட்கள் நின்றன. முதுகும் பச்சையாக இருந்தது.

நல்ல ஸ்டட்டைச் சுத்தியலால் பக்கவாட்டில் அடித்தால் அது வளையும். எவ்வளவு அடித்தாலும் வளையுமே ஒழிய கையோடு வராது. அதுதான் அதற்குப் பரீட்சை. சுத்தியலை வாங்கி ஒரு அடி அடித்தேன். ஸ்டட் தெறித்து மணலில் போய் விழுந்தது. அது நின்ற இடத்தில் பச்சை பொங்கிக் கருகி வட்டமாக இருந்தது. அடுத்ததும் அப்படித்தான், அதற்கு அடுத்ததும். அண்ணன் மணலில் கிடந்ததை எடுத்துவந்து, எதற்கு உடைக்கிறாய் என்று கேட்டான்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. காண்ட்ராக்டரை அந்த முற்றத்தில் வைத்தே கிழி கிழி என்று கிழித்தேன். அண்ணனையும் விடவில்லை. கேட்டுவிட்டு அடித்தால் என்ன, போன் இல்லையா, நாக்கு இல்லையா என்றேன். லோடுமேன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணன் பதிலுக்குக் கத்துவான் என்று நினைத்தேன். அவன் அந்த ஸ்டட்டைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"நீ போட்ட கட்டடம்ளா. துரு தின்னுரக் கூடாதுன்னுதான் அடிச்சேன்" என்றான்.

அதற்கு மேல் என்ன திட்டுவது. தளத்தை உடைத்துத் திரும்பப் போடலாம் என்றேன், முடியாது என்று எனக்கே தெரியும். ஒவ்வொரு பீமுக்கும் நடுவில் ஒரு தூண் நிறுத்தலாம் என்றேன். தூண் நின்றால் லாரி நுழையாது, லாரி நுழையாத குடோன் எனக்கு எதுக்கு என்றான். அதுவும் நியாயம்தான். கடைசியில் பீமைத் தனியாள் என்றே வைத்து மறுபடி கணக்குப் போட்டேன். இலைப் பொதி கனம் இல்லாதது. மேலே அதை மட்டும் அடுக்கினால் பீம் தனியாகவே தாங்கும். உப்பு மூட்டை ஒன்றுகூட மேலே ஏறக் கூடாது. அவன் தலையை ஆட்டினான். மிச்சமிருந்த பச்சையை எடுத்துப் படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில் அவன் கையாலேயே பெரிதாக எழுதினான்: மேலே இலை மட்டும்.

எழுதினபடி நடந்தான், அதையும் சொல்ல வேண்டும். அண்ணனிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வைப்பது கஷ்டம், ஒத்துக்கொண்டால் அப்புறம் மாற மாட்டான். காண்ட்ராக்டர் விட்டுப்போன உயரமான ஜாக்கிகள் இரண்டை வாங்கி வைத்துக்கொண்டான். ஜாக்கி என்றால் கான்கிரீட் போடும்போது அடியில் முட்டுக் கொடுக்கிற இரும்புக் கால். நடுவில் மரை இருக்கும், சுற்றினால் நீளும். என்றைக்காவது மேலே பாரம் ஏற்ற வேண்டி வந்தால் பீமுக்கு நடுவில் இதை நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டான். நிறுத்தலாம் என்றேன். உடனே இரண்டுக்கும் பெயிண்ட் அடித்து, மரைக்கு கிரீஸ் போட்டு, சாக்கைச் சுற்றி வைத்துவிட்டான்.

அந்த மார்கழியில் மழை வந்தது. எங்கள் ஊரில் எல்லாரும் தண்ணீரைக் கிழக்கே பார்த்துத்தான் பயப்படுவோம். அது மேற்கேயிருந்து வந்தது. ராத்திரி முழுக்கப் பெய்து, விடியும்போது குளங்கள் உடைந்து, வயல் வழியாக, ரோட்டின் மேல் ஏறி வந்துவிட்டது. அண்ணன் வீடு குடோனை ஒட்டிய ஓட்டு வீடு. மதினியையும் பிள்ளையையும் குடோனின் மேல்தளத்துக்கு ஏற்றினான். அக்கம்பக்கத்து வீடுகளும் அதே மாதிரி தாழ்வானவை. ஒவ்வொரு குடும்பமாக வரத் தொடங்கினார்கள்.

கீழே உப்பு மூட்டைகள் அடுக்கி இருந்தன. தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோதே லோடுமேன்கள், அண்ணாச்சி, மேல ஏத்திருவோம், கரைஞ்சி போயிரும் என்று கேட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் முடித்திருப்பார்கள். அவன் விடவில்லை. சுவரில் எழுதியிருந்ததைக் காட்டினானாம். மூட்டைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கிக் கரைந்தன. அன்று குடோனுக்குள் நின்ற தண்ணீர் வாயில் பட்டால் கடல் தண்ணீராகவே கரித்தது என்று பிறகு ஒரு லோடுமேன் என்னிடம் சொன்னார்.

உப்பை ஏற்றாமல் தடுத்தவனால் மழையைத் தடுக்க முடியவில்லை. மேற்கூரைத் தகடுகள் காற்றில் பிய்ந்து போயின. இலைப் பொதிகள் நனைந்தன. காய்ந்த இலைக்குத்தான் நான் கணக்குப் போட்டது. நனைந்த பொதியை இரண்டு பேர் சேர்ந்தும் நகர்த்த முடியவில்லை என்றார்கள். அதன் மேல் ஜனங்கள் வேறு.

அண்ணன் எனக்கு போன் போட்டபோது காலை வெயில் ஏறியிருக்க வேண்டிய நேரம். இங்கே சென்னையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ராத்திரியிலிருந்து நான் அவனைக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தேன், லைனே கிடைக்கவில்லை. அவன் குரல் நிதானமாக இருந்தது. தளம் சத்தம் போடுகிறது என்றான். எப்படிச் சத்தம் என்று கேட்டேன். உள்ளுக்குள் யாரோ சுத்தியலால் ஒற்றைத் தட்டுத் தட்டுகிற மாதிரி, விட்டு விட்டு என்றான். ஸ்டட்கள் ஒவ்வொன்றாகப் பச்சையை விட்டுக் கழன்றுகொண்டிருந்தன. முதல் பீம் நடுவில் தொய்ந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது என்றும் சொன்னான்.

குரலைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் ஒருவரும் இருக்கக் கூடாது, எல்லாரையும் சுவரோரம் உட்கார வை என்றேன். பீமின் கோடி சுவரில் உட்கார்ந்திருக்கிறது, அங்கே ஆள் இருந்தால் பாரம் நேரே சுவருக்குப் போய்விடும், பீமுக்குத் தெரியக்கூடத் தெரியாது என்று விளக்கினேன். பொதிகளை ஜன்னல் வழியாகத் தள்ளிவிடு என்றேன். ஜன்னல் சின்னது, நனைந்த பொதி நுழையவில்லை, அரிவாளால் கிழித்து அள்ளிப் போடுகிறோம் என்றான். இரும்பு சட்டென்று முறியாது, தொய்ந்துதான் போகும், நேரம் கொடுக்கும் என்றேன். அது உண்மை. எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான்.

"அந்த ஜாக்கிய நிறுத்துனா தாங்குமாளா?"

"தாங்கும். ஆனா நீ கீழ எறங்காத. தண்ணி வத்தட்டும், சுவரோரமா இரு. அண்ணே, கேக்கா?"

"கேக்கு, கேக்கு" என்றான். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் லைன் போய்விட்டது.

மீதியை அந்த லோடுமேன் சொல்லித்தான் தெரியும். அண்ணனோடு கீழே இறங்கியவர் அவர் ஒருவர்தான். தண்ணீர் நெஞ்சளவு நின்றது. முன்ஷட்டர் திறந்திருந்தது. பின்ஷட்டர் பூட்டி இருந்ததால் மேற்கேயிருந்து வந்த வெள்ளம் அதன் மேல் மோதிப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சாக்கைப் பிரித்து முதல் ஜாக்கியைத் தூக்கித் தொய்ந்த பீமின் நடுவில் நிறுத்தினார்கள். கிரீஸ் போட்டு வைத்திருந்ததால் மரை தண்ணீரிலும் லேசாகச் சுற்றியது. ஜாக்கியின் தலைத்தகடு பீமில் முட்டும்வரை அண்ணன் சுற்றினான். முட்டியதும் மேலே தட்டுகிற சத்தம் நின்றது.

போதும், ஏறிருவோம் அண்ணாச்சி என்று லோடுமேன் கூப்பிட்டார். இன்னொண்ணு இருக்குல்லா என்று அண்ணன் இரண்டாவதை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். கடைசி பீமுக்கு அடியில் அதையும் நிறுத்திவிட்டார்கள். லோடுமேனுக்குக் குளிரில் கை விறைத்துப்போக, நீ ஏறு, நான் மரைய முறுக்கிட்டு வாரேன் என்று அவரை அனுப்பிவிட்டான். அவர் படியில் கால் வைக்கும்போது பின்ஷட்டர் தகடு மடங்கி உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் வெள்ளம் வந்தது. அவர் கைப்பிடியைக் கட்டிக்கொண்டார். அண்ணன் முன்வாசல் வழியாகப் போய்விட்டான்.

அதற்குப் பிறகும் தண்ணீர் ஏறியது. பக்கத்துத் தெருவிலிருந்து கயிறு கட்டி இன்னும் ஜனங்களை மேலே கொண்டுவந்தார்கள். சுவரோரம் இடம் இல்லாமல் நடுவிலும் நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை, தடுக்கத் தெரிந்தவன் இல்லை. தளம் விழவில்லை.

ரோடும் ரயிலும் அறுந்துபோயிருந்தன. நான் வந்து சேர்வதற்குள் அவனைக் கண்டுபிடித்துவிட்டார்கள், கிழக்கே ஒரு உடைமர முள்காட்டில். உடைமாற்றி, மூடி, முகத்தை மட்டும் காட்டினார்கள். கைவிரல் நகத்தில் கிரீஸ் இருந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரமாக வந்தது. எறங்காத என்று சொன்னேனே, கேக்கு கேக்கு என்று சொன்னாயே என்று அவனைப் பார்த்துக் கத்தினேன். பெரியவர்கள் என்னைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப்போனார்கள்.

குடோனில் வெள்ளம் விட்டுப்போன வண்டல் காய்ந்து இறுகியிருந்தது. இரண்டு ஜாக்கியும் அதில் புதைந்து நின்றன. ஜனங்கள் வந்து பார்த்தார்கள். யாரோ சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பிறகு பூ வந்தது. அண்ணாச்சி புடிச்ச கால் என்று சொல்லித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முதலாவதுக்கும் பூ, இரண்டாவதுக்கும் பூ.

மதினி மட்டும் என்னைத் தனியாகக் கேட்டார். ஊர் சொல்வதை அவர் நம்பவில்லை. நானும் அண்ணனும் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தது. இந்தக் கால் இல்லாவிட்டாலும் தளம் நின்றிருக்குமோ, அவுக சும்மா எறங்கிப் போயிட்டாகளோ என்பதுதான் அவருடைய கேள்வி. அதைக் கேட்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடமும் அதே கேள்விதான் இருந்தது. இரண்டு ஜாக்கியையும் அசைத்துப் பார்த்தேன், இரண்டுமே லூசாக இருந்தன. ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மேலே இருந்த ஜனமும் ஈரப் பொதியும் இறங்கியதும் பீம் கொஞ்சம் மேலே எழும்பியிருக்கும், பாரம் தாங்கிய காலானாலும் அப்போது லூசாகத்தான் நிற்கும். அதை மதினியிடம் சொன்னேன். இனி எப்படியும் பீமுக்குத் தூண் வைத்தாக வேண்டும், வைக்கிற அன்றைக்கு ஏணி போட்டு ஏறிப் பார்க்கிறேன், அப்போது தெரியும் என்றேன்.

எப்படித் தெரியும் என்றார். பச்சையைப் பார்த்தால் தெரியும் என்றேன்.

அந்த நாள் கோடையில் வந்தது. லாரி நுழையாது என்று அண்ணன் வேண்டாம் என்ற அதே தூண்களைத்தான் இப்போது நிறுத்தப் போகிறோம். லாரி முன்வாசலோடு நின்றுகொள்ளட்டும் என்று மதினி சொல்லிவிட்டார். ஆட்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். மதினி படிக்கட்டுக்குப் பக்கத்தில், அந்த எழுத்துக்குக் கீழே நின்றார். நான் முதலில் முன்பக்கத்து ஜாக்கிக்கு ஏறினேன். ஏறும்போது எனக்கு வேண்டியிருந்தது என்ன என்று எனக்கே தெரியவில்லை. பச்சையில் ஜாக்கி அழுத்திய தடம் இருந்தால், தளம் உண்மையிலேயே போக இருந்தது, அவன் அடித்த பெயிண்டே அவனைக் கீழே இறக்கியது என்று ஆகும். இல்லாவிட்டால் சும்மா போனான் என்று ஆகும்.

தலைத்தகட்டை விலக்கி டார்ச் அடித்தேன். பீமின் அடியில் சதுரமாக ஒரு தடம் இருந்தது. இரண்டு கை அடித்த பச்சை அங்கே நசுங்கி, ஓரங்களில் பிதுங்கி, விளிம்பு பட்ட இடத்தில் இரும்பே தெரிந்தது. ஜாக்கியின் தகட்டில் அந்தப் பச்சை அப்பியிருந்தது, தகடும் ஒரு பக்கம் வளைந்திருந்தது. கையால் முறுக்கினால் அப்படிப் பதியாது. தளம் மொத்தமும் இறங்கி வந்து இதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, ஏணி மேலேயே நின்று அழுதேன்.

பிறகு ஏணியைக் கடைசி பீமுக்கு மாற்றினோம். அங்கே தலைத்தகடு பீமைத் தொட்டுக்கொண்டு இருந்தது, அவ்வளவுதான். பச்சை அடித்தபடியே வழவழவென்று இருந்தது, தகடு மறைத்த இடம் மட்டும் தூசி படியாத சதுரமாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

இறங்கி வந்தேன். மதினி நின்ற இடத்திலேயே நின்றார்.

"மொத ஜாக்கி தாங்கியிருக்கு மதினி. அது இல்லைன்னா தளம் நின்னுருக்காது."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் இரண்டாவதைப் பற்றிக் கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்ல வரவில்லை. அந்தப் பக்கம் பொதிகளை ஏற்கெனவே அள்ளிப் போட்டுவிட்டார்கள், அந்த ஜாக்கிக்கு வேலையே வரவில்லை என்றேன்.

மதினி கடைசி பீமையே பார்த்தார். அது சுவரில் போய் உட்காரும் கோடிவரை அவர் கண் போனது. அங்கே மேலே ஜன்னல் இருந்தது.

"அந்தக் கோடியிலதான் நானும் பிள்ளையும் உக்காந்திருந்தோம்" என்றார். "சுவரோரம் உக்காந்தா ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னாக. நீ சொன்னதாத்தான் சொன்னாக."

"ஆமா. ஒண்ணும் ஆயிருக்காது."

"அது அவுகளுக்குத் தெரியுமில்லா?"

"தெரியும் மதினி. வெளக்கமா சொன்னேன்."

ஊர் ஜனத்துக்கு என் கணக்கை நம்பினான். அவன் பெண்டாட்டி பிள்ளைக்கு மட்டும் நம்பவில்லை. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, மதினிக்குச் சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் தூண்களை நிறுத்தினோம். முதல் ஜாக்கியை ஆட்கள் கழற்றி வெளியே கொண்டுபோனார்கள். இரண்டாவதில் கை வைத்தபோது மதினி, அது கெடக்கட்டும் என்றார். பக்கத்திலேயே தூண் நிற்கிறது, இதற்கு ஒரு வேலையும் இல்லை என்று நான் சொல்லவில்லை. அது இன்றைக்கும் அங்கேயே நிற்கிறது. வருஷா வருஷம் மழைக்காலம் தொடங்குவதற்கு முன் தருவைகுளத்திலிருந்து பச்சை வாங்கிவரச் சொல்லி, மதினி தன் கையாலேயே அதற்கு இரண்டு கை அடிக்கிறார்.